ஜி.ஆர். ஆர்2: ரெயூனியனின் நெடும்பாதையை முழுதாக நடப்பதும் பேணிக் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், மொரீஷியஸிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து போகும் உறவுகளும் ஜி.ஆர். ஆர்2 என்னும் நெடு நடைப்பாதையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். நடப்பது ஒரு பாதி என்றால் பாதையைப் பார்த்துக்கொள்வது மறுபாதி. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

இது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

தீவின் வடக்கே தலைநகர் சான் தெனியை ஒட்டிய புரோவிதான்ஸில் தொடங்கி, தெற்கே சான் பிலிப் பக்கம் பாஸ் வாலேயில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 130 கி.மீ. வரைபடத்தில் குறைவாகத்தான் தெரியும். ஆனால் ஏற்றங்களை மட்டும் கூட்டினாலே 8,000 மீட்டரைத் தாண்டும். தீவில் இன்னும் இரண்டு நெடும்பாதைகள் உண்டு. பித்தோன் தெ நேஜ் மலையைச் சுற்றுவது ஜி.ஆர். ஆர்1, மஃபாத் பள்ளத்தாக்கைச் சுற்றுவது ஜி.ஆர். ஆர்3. மூன்றும் பல இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து பிரியும். சந்திப்புகளில் வழி தவறுவதற்கு முதல் காரணமே இதுதான். பலகையில் எண்ணைப் பார்க்காமல் குறியை மட்டும் நம்பிப் போனால் வேறு பாதையில் இறங்கிவிடுவீர்கள்.

எத்தனை நாள் ஆகும்? ஒரு நாளைக்கு எவ்வளவு?

நல்ல உடல்நிலையில் உள்ளவர்கள் பத்து முதல் பன்னிரண்டு நாள் வைத்துக்கொள்வது நல்லது. கி.மீ. கணக்கை இங்கே நம்பக்கூடாது, ஏற்ற இறக்கக் கணக்கே சரி. முதுகில் பை இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் அட்டவணை பொய்க்காது.

முதல் நாள் பிளேன் தெ ஷிக்கோ மேட்டுக்கு ஏறுவது. தங்குமனை (இங்கே 'ஜீட்' என்பார்கள்) 1,800 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கடற்கரை வெப்பத்தில் தொடங்குவதால் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். அடுத்து தோ தான் ஊர். அங்கிருந்து ரிவியேர் தெ காலே ஆற்றுக்கு இறங்கி மஃபாத்துக்குள் நுழைகிறோம். மஃபாத்துக்குச் சாலையே கிடையாது, கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். ரோஷ் பிளாத், துரூவா ரோஷ், மார்லா என்று நடந்து, 2,080 மீட்டர் உயரத் தாய்பி கணவாயைக் கடந்தால் சிலாவோஸ் ஊர்.

அங்கிருந்து காவேர்ன் துஃபூர் ஜீட்டுக்கு ஏறுவதுதான் பலருக்கும் கடினமான நாள். லெ பிளாக் என்னும் இடத்திலிருந்து 2,479 மீட்டர் வரை, ஏறத்தாழ 1,100 மீட்டர், இடைவெளியே இல்லாத படிக்கட்டு ஏற்றம். பித்தோன் தெ நேஜ் உச்சி (3,070 மீட்டர்) அந்த ஜீட்டிலிருந்து ஒரு கிளைப் பயணம். அது பாதையின் கட்டாயப் பகுதி கிடையாது. ஆனாலும் விடியலுக்கு முன் ஏறாமல் திரும்புகிறவர்கள் குறைவு. பிறகு கெர்வெகென் முகட்டில் சேறும் ஏணிகளும், மார் ஆ பூவில் மாட்டு மேய்ச்சல் நிலங்களும், பூர் முராவும் தாண்டி, பிளேன் தெ சாப்ள் மணல்வெளி வழியாகப் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையின் விளிம்பு. கடைசியில் தெற்கே பாஸ் வாலேக்கு நீண்ட இறக்கம்.

மேய்ச்சல் நிலங்களில் வேலிகளைத் தாண்ட மரப்படிகள் வைத்திருப்பார்கள். படி இல்லாத இடத்தில் திறந்த கதவை மூடிவிட்டுப் போங்கள். மாடு சாலைக்குப் போய்விட்டால், அந்த விவசாயி அடுத்த வருடம் பாதைக்குச் சம்மதம் தர யோசிப்பார்.

எந்த மாதத்தில் நடப்பது?

மே முதல் நவம்பர் தொடக்கம் வரை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேட்டில் உறைபனி விழும், மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும். தைப்பூசக் காவடி விடுமுறையில் நடக்கலாமா என்று வருடந்தோறும் கேட்கிறார்கள். அது ஜனவரி–பிப்ரவரி, புயல் பருவத்தின் நடுப்பகுதி. வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் பொதுவாக ஏற்றவை. ஆனால் அக்டோபரில் 'தியாகனால் தெ ஃபூ' என்னும் தீவுக் குறுக்கு ஓட்டப் போட்டி நடக்கும் வாரம் மட்டும் ஜீட்கள் நிறைந்துவிடும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த மாதமானாலும் ஒரு விதி மாறாது. காலை பத்து மணிக்கு மேல் மேகம் மலையேறும். கணவாயையும் உச்சியையும் அதற்கு முன்பே கடந்துவிட வேண்டும்.

பாதை யாருடையது? யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஒரே ஆளிடம் இல்லை. புகாரைத் தவறான இடத்தில் சொல்லிவிட்டு எதுவும் நடக்கவில்லையே என்று மனம் வெறுப்பவர்கள் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மேட்டுக் காடுகளில் பெரும்பகுதி தெபார்த்மான் எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் சொத்து. நிர்வகிப்பது ஓ.என்.எஃப். என்னும் தேசிய வன அலுவலகம். படி கட்டுவது, விழுந்த மரத்தை அறுப்பது, பாலம் சரி செய்வது, பாதையை மூடுவது, திறப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வேலை. 2007-இல் உருவான ரெயூனியன் தேசியப் பூங்கா தீவின் ஏறத்தாழ 42 விழுக்காட்டைக் கொண்டது. அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்ற விதிகள் அவர்களுடையவை. 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் இந்தச் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும்தான். 'ஜி.ஆர்.' என்ற பெயரும் வெள்ளை-சிவப்புக் குறியும் பிரெஞ்சு நடைப்பயணக் கூட்டமைப்பின் பதிவு செய்த அடையாளங்கள். எந்தப் பாதைக்கு அந்தப் பெயர் தருவது, குறி எங்கே போடுவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள், தன்னார்வலர்களே வரைகிறார்கள்.

ஆக, படி உடைந்திருந்தால் வன அலுவலகம், குறி அழிந்திருந்தால் கூட்டமைப்பு, யாராவது காட்டில் மரம் வெட்டினால் பூங்கா. ஊருக்குள் வரும் துண்டுகளுக்கு அந்தந்த நகராட்சி.

அடிக்கடி மூடிவிடுகிறார்களே, ஏன்?

மழைதான் காரணம். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400 மி.மீ. இந்தப் பாதையின் தெற்குப் பகுதியில் உள்ள ஃபோக் ஃபோக்கில் 1966 ஜனவரியில் தெனீஸ் புயலின்போது ஒரே 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. பதிவானது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைப் பகுதியில் உள்ள கொம்மெர்சோன் பள்ளத்தில் 72 மணி நேரத்தில் 3,900 மி.மீ.க்கு மேல் கொட்டியது. இரண்டுமே உலகச் சாதனை அளவுகள். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி இறுதியில் கரான்ஸ் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த புயல்களுக்குப் பிறகும் பல பாதைகள் மூடப்பட்டன.

மலைச்சுவர் இங்கே இளம் எரிமலைப் பாறை. மண்ணும் தளர்ந்த கல்லும் கலந்த சரிவு, ஊறினால் அப்படியே இறங்கிவிடும். மழை நின்று வெயில் வந்த மூன்றாம் நாளும் கல் விழும். 'இப்போது மழை இல்லையே, ஏன் திறக்கவில்லை?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பாறைச்சுவரைக் கயிற்றில் தொங்கிச் சோதித்து, தளர்ந்த கல்லை இறக்கிய பிறகே திறக்க முடியும். பொருள்களை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுவர வேண்டிய இடங்களில் மாதக்கணக்கில் ஆகும்.

கிளம்பும் முந்தைய நாள் வன அலுவலகம் வெளியிடும் பாதை நிலைப் பட்டியலைப் பாருங்கள். ஜீட்டுக்காரரிடமும் கேளுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று 'மூடியது' என்றால் மூடியதுதான்.

ஒரு துண்டு மூடியிருந்தால் பாதையை முடித்ததாகச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். அறிவிக்கப்பட்ட மாற்றுவழியில் காலால் நடந்து அடுத்த பக்கம் சேர்ந்தால் அது முழு நடைதான். மாற்றுவழியே இல்லாத இடத்தில் பஸ்ஸில் கடந்து, திறந்த பிறகு வந்து அந்தத் துண்டை நடந்து சேர்த்துக்கொள்வது நேர்மையான வழி. தீவிலேயே இருப்பவர்கள் பலர் வார இறுதிகளில் துண்டு துண்டாக, ஓரிரு ஆண்டுகளில் முடிக்கிறார்கள். ஒரே மூச்சில் நடப்பதைவிட அது தாழ்ந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. எந்தப் பருவத்தில் எந்தத் துண்டு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும், பழுதைக் கண்டு சொல்பவர்களும் அவர்களே.

தடுப்பைத் தாண்டிப் போய் முடித்ததை நாங்கள் கணக்கில் எடுக்க மாட்டோம். அபராதம் மட்டும் அதற்குக் காரணமில்லை. ஒருவர் தாண்டிய தடத்தை அடுத்தவர் பாதை என்று நம்பிப் பின்தொடர்வார்.

குறிகளை எப்படிப் படிப்பது?

மேலே வெள்ளை, கீழே சிவப்பு, இரண்டு படுக்கைக் கோடுகள். ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், நடுவே சிறு இடைவெளி. அப்படியே இருந்தால் சரியான வழி. கோடுகளுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் திருப்பம். வெள்ளையும் சிவப்பும் குறுக்கே பெருக்கல் குறியாக இருந்தால் அது தவறான வழி, திரும்பிவிடுங்கள். பத்து நிமிடம் நடந்தும் எந்தக் குறியும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறி வரை திரும்பிப் போவதே உத்தமம். குறுக்கே இறங்கித் தேடினால் பள்ளத்தில் முடியும்.

எரிமலைக் குழிக்குள் கிளைப் பயணமாக இறங்கினால் வேறு முறை. லாவா மீது வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இருக்கும். மூடுபனியில் ஒரு புள்ளியில் நின்று அடுத்த புள்ளி தெரிந்த பிறகே காலை எடுங்கள்.

நாங்களும் குறி வரையலாமா?

பெயிண்ட் டப்பாவோடு தானாகக் கிளம்பக்கூடாது. கூட்டமைப்பின் தீவுக் குழுவில் உறுப்பினராகிப் பயிற்சி பெற்றால், ஒரு துண்டுப் பாதையை உங்கள் பொறுப்பில் தருவார்கள். வேலை எளிதாகத் தெரியும். ஆனால் சொதப்புவது சுலபம். முதலில் கம்பித் தூரிகையால் பாசியைத் துடைத்து, பாறை காய்ந்த பிறகே பெயிண்ட். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் முதல் மழைக்காலத்திலேயே உரிந்துவிடும். மரமானால் பட்டையின் மேல்தோலை மட்டும் இலேசாகச் சுரண்டலாம், உள்ளே காயம் படக்கூடாது. அச்சுத்தகடு வைத்து அடித்தால் ஓரம் நேராக வரும். சந்திப்பில் ஒரு குறி, அதைத் தாண்டிச் சில மீட்டரில் உறுதிக் குறி இன்னொன்று. இரு திசைகளிலிருந்தும் நடந்து பார்த்தே முடிக்க வேண்டும், ஏனென்றால் தெற்கிலிருந்து வடக்கே வருபவருக்கு உங்கள் குறி பாறையின் மறுபக்கத்தில் இருக்கும். அதிகமாக வரைவதும் பிழைதான். காட்டில் ஐந்தடிக்கு ஒரு கோடு தேவையில்லை.

குறுக்குவெட்டு வடிகால் என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பாதையைக் கொல்வது கால்களைவிட அதிகமாகத் தண்ணீர்தான். சரிவான பாதை மழையில் ஓடையாகிவிடும். ஓடையான பாதை ஒரு பருவத்தில் முழங்கால் ஆழம் வெட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, பாதையின் குறுக்கே சாய்வாக ஒரு மரத்துண்டைப் பதித்து, நீரைச் சரிவின் பக்கம் வெளியே தள்ளுகிறோம். இங்கே தோட்டங்களில் வளர்க்கும் கிரிப்டோமேரியா மரமே பெரும்பாலும் பயன்படுகிறது.

செய்முறை: 12 முதல் 15 செ.மீ. தடிமனுள்ள உருளையை எடுத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி பள்ளம் வெட்டுங்கள். பாதைக்கு 30 முதல் 45 பாகைக் கோணத்தில் வையுங்கள். இரு பக்கமும் பாதையைவிட ஒரு சாண் நீளம் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றி வந்துவிடும். மேல்பக்கம் கல்லும் மண்ணும் போட்டு மிதித்து இறுக்குங்கள். கீழ்ப்பக்கம் வெளியேறும் வாய் அகலமாக, சரிவோடு, மண் தேங்காமல் இருக்கட்டும். செங்குத்தான பாதையில் வடிகால்களை நெருக்கமாகவும் சமமான பாதையில் தூரமாகவும் வையுங்கள்.

பெரும்பாலும் கெடுவது கோணத்தில். பாதைக்குச் செங்குத்தாக வைத்த உருளையின் முன்னால் மண் படிந்து, இரண்டு மழையில் நிரம்பி, நீர் நடுவிலேயே வழிந்து உருளையின் அடியைத் தோண்டும். சாய்வாக வைத்தால் ஓடும் நீரே மண்ணை அடித்துக்கொண்டு போகும்.

வழிப்போக்கர் ஒருவர் இதில் என்ன செய்ய முடியும்? நிறைய. அக்டோபர், நவம்பரில், மழைக்காலத்துக்கு முன், வடிகால் வாயில் அடைத்த இலையையும் மண்ணையும் கைத்தடியாலோ காலாலோ தள்ளிவிடுங்கள். அரை நிமிட வேலை. உருளையை நகர்த்தாதீர்கள், புதிதாக ஒன்று வைக்காதீர்கள். அந்த வேலை பொறுப்புள்ள குழுவோடு மட்டுமே.

இன்னொன்று, வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்காதீர்கள். படி 20 செ.மீ.க்கு மேல் உயரமாக இருந்தால் ஆட்கள் ஓரமாகச் சுற்றிப் போவார்கள், ஓரம் தேய்ந்து அடுத்த வருடம் பாதை இரண்டாகும். உயரமான படியில் கைத்தடியை ஊன்றி நடுவிலேயே ஏறுங்கள்.

பழுதைக் கண்டால் எப்படிச் சொல்வது?

'சுரிகாட்' என்னும் தேசியத் தகவல் சேவை இதற்காகவே இருக்கிறது. நான்கு வகைச் செய்தி அனுப்பலாம்: குறிப் பிழை, மாசு, ஆபத்து, பாதையைப் பயன்படுத்துவோரிடையே தகராறு. புகைப்படமும் இடமும் சேர்த்து அனுப்புங்கள். 'மார்லாவுக்கு முன்னால் பாதை மோசம்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'துரூவா ரோஷிலிருந்து மார்லா திசையில் 600 மீட்டரில், இடப்பக்கம், இரண்டு படிகள் பெயர்ந்து விட்டன, நடக்கலாம் ஆனால் ஈரத்தில் வழுக்கும்' என்று எழுதினால் அடுத்த வாரம் கருவியோடு வருபவர் நேராக அங்கே வருவார்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? தண்ணீர்?

ஜீட்களில் பொதுவாகக் கோழிக் கறியோ, தக்காளியில் சமைத்த சாசேஜ் ருகாயோ தான். காவடி விரதக்காரர்களும் சைவர்களும் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ச் சொன்னால், சோறும் அவரையும்தான் தட்டில் வரும். முன்பே சொன்னால் சிலாவோஸ் பருப்பு, சௌசௌ, முருங்கைக்கீரை எல்லாம் செய்து தருகிறார்கள். மஃபாத்தில் அரிசி முதல் எரிவாயு வரை பெரும்பாலும் ஹெலிகாப்டரில் வருகிறது, ஆகவே விலை கூடும். குப்பையை அங்கே விட்டுவராமல் தோ தான் அல்லது சிலாவோஸ் வரை சுமந்து செல்லுங்கள்.

தண்ணீரை எப்போதும் சுத்திகரித்தே குடியுங்கள். எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் இந்தத் தீவில் உண்டு, மழைக்காலத்தில் அதிகம். காலில் புண் இருந்தால் மூடாமல் ஓடையில் இறங்காதீர்கள். பிளேன் தெ சாப்ளிலும் எரிமலை விளிம்பிலும் ஓடும் நீரே இல்லை, லாவா எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அந்த நாளுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் சுமக்க வேண்டும்.

வழியில் கற்பூரம் ஏற்றி வழிபடலாமா?

கோயிலில் ஏற்றுங்கள், கிளம்பும் முன் ஏற்றுங்கள். காட்டுப் பாதையில் நெருப்பே வேண்டாம். 2010, 2011 அக்டோபர் மாதங்களில் மைதோ சரிவுகளில் பற்றிய தீ பெரும் காட்டை அழித்தது. மேட்டுத் தாவரங்களில் பல இங்கே மட்டுமே வளர்பவை, எரிந்த இடத்தில் அவற்றுக்குப் பதில் வெளிநாட்டு முட்செடி முளைத்துவிடுகிறது. கற்பூரத்தின் சுடர் காய்ந்த புல்லுக்குப் போதும். சின்னப் பூ, ஒரு மலர்மாலை, மனதில் ஒரு வேண்டுதல், அவ்வளவு போதும். மாலையில் நைலான் நூல் இருந்தால் திரும்பும்போது எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் கடக்கும் ரோஷ் எக்ரித் காட்டில்தான் 'துயி துயி' பறவை இருக்கிறது, உலகில் வேறெங்கும் கிடையாது. மிஞ்சியிருப்பது சில பத்து ஜோடிகள். எலிகள் அதன் முட்டையைத் தின்பதால், எலி ஒழிப்பு தொடர்ந்து நடக்கிறது. உணவு மிச்சத்தைக் கீழே போட்டால் எலிக்கு விருந்து வைத்ததாகும்.

காலணியை ஏன் தேய்க்கச் சொல்கிறார்கள்?

கொய்யா வகையான கோயாவியே, முட்கொடியான ரெசான் மரோன், லோங்கோஸ் இஞ்சிச்செடி ஆகியவற்றின் விதைகள் அடிப்பாகச் சேற்றில் பயணிக்கும். ஒவ்வொரு மேட்டு நிலத்துக்குள்ளும் நுழையும் முன் பிரஷ் வைத்துத் தட்டுங்கள்.

எரிமலை வெடித்தால்?

பாதை பா தெ பெல்கோம்ப் விளிம்பை ஒட்டிப் போகிறது, குழிக்குள் இறங்குவதில்லை. வெடிப்பு நெருங்கினால் அரசு குழியின் வாயிலை மூடிவிடும். 2007 ஏப்ரலில் உச்சிக்குழியான தோலோமியூ 300 மீட்டருக்கு மேல் உள்ளே அமிழ்ந்தது. அந்த வாயில் மூடியிருக்கும்போது தாண்டுவது எவ்வளவு ஆபத்து என்று அதை நினைத்தால் புரியும். விளிம்புப் பாதை பொதுவாக நடக்கலாம், அன்றைய அறிவிப்பே முடிவு.

விபத்து நடந்தால்?

112-ஐ அழையுங்கள், உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் வழியே இணைக்க முயலும். பேச முடியாவிட்டால் 114-க்குக் குறுஞ்செய்தி. எந்தப் பாதை, எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே, எத்தனை பேர், என்ன காயம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கைகளையும் மேலே உயர்த்துவது 'உதவி வேண்டும்'. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் 'வேண்டாம்'. சும்மா கையசைத்து வணக்கம் சொல்லாதீர்கள். துணி, தொப்பி, பை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களும் குழந்தைகளும் எந்தத் துண்டை நடக்கலாம்?

பிளேன் தெ சாப்ள் பக்கம் கார் போகும் இடத்திலிருந்து பாதையில் ஒரு மணி நேரம் நடந்து திரும்பலாம், வானம் தெளிந்த காலையில் மட்டும். சிலாவோஸிலிருந்து தாய்பி போகும் வழியில் முதல் துண்டும் தகும். மஃபாத் அவர்களுக்கு வேண்டாம்.

பாஸ் வாலேக்கு இறங்கும்போது எதில் கவனம்?

மேலே 2,300 மீட்டரிலிருந்து கடல் மட்டம் வரை போகும் இறக்கம். மழைக்காடு, வேர், சேறு. முட்டி வலி வருவதும் வழுக்கி விழுவதும் இங்கேதான் அதிகம். இரண்டு நாளாகப் பிரித்து, நடுவே ஜீட்டில் தங்குங்கள். கைத்தடி இரண்டும் நீளமாக்கிப் பிடியுங்கள். கடைசிக் குறியைத் தாண்டியதும் கடற்கரைச் சாலை வரும். மஞ்சள் நிற 'கார் ஜோன்' பஸ் சான் பியேர் பக்கமும் சான் பெனுவா பக்கமும் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை குறைவு, நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வழியில் குறித்து வைத்த பழுதுகளை எழுதி அனுப்பிவிடுங்கள், வீட்டுக்குப் போனால் இடம் மறந்துவிடும்.